தண்டவாளத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆகாதா?

பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தண்டவாள ஆலையில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் குழுவில் வீடியோ போட்டிருந்தார். நெருப்பே இல்லை. மின்சாரம் ஓடும் சுருளுக்குள் தண்டவாளம் மெல்ல நுழைகிறது, மறுபக்கம் அதன் தலைப்பகுதி செக்கச்செவேலென்று வருகிறது. நம் வீட்டு இண்டக்ஷன் அடுப்பின் தத்துவம்தான். பிறகு வரிசையாக உள்ள குழாய்களிலிருந்து காற்று சீறுகிறது. அதற்குக் கீழே உறவினர் ஒருவர், "காற்றடிக்க இவ்வளவு கரண்டா? தண்ணீரை ஊற்றினால் ஆகாதா?" என்று கேட்க, பத்துப் பேர் லைக் போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை.

அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் கொல்லர் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் கடினமாக்க வேண்டுமென்றால் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தண்டவாள எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 சதவீதம். சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத் தண்ணீரில் அமிழ்த்தினால் கார்பன் வெளியே வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படி உருவாகும் மார்ட்டென்சைட் மிகக் கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கொல்லர் அதோடு விடமாட்டார், மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவார். அதை நாம் மறந்துவிட்டோம்.

சும்மா ஆறவிட்டால் வேறு தொல்லை. எஃகு மென்மையாகிவிடும், வளைவுப் பாதையில் சக்கரம் உரசி உரசிச் சீக்கிரம் தேயும். இரண்டுக்கும் நடுவில், நொடிக்குச் சில டிகிரி என்ற கணக்கில் ஆற வேண்டும். அப்போதுதான் இரும்பும் கார்பைடும் ஓலைச்சுவடி ஏடுகள்போல மாறி மாறி, மிக நெருக்கமாக அடுக்கப்படும். ஏட்டுக்கு ஏடு இடைவெளி மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்! முத்துச்சிப்பியின் உட்புறம்போல மின்னுவதால் இதற்குப் பெர்லைட் என்று பெயர். சாதாரணத் தண்டவாளத்தின் கடினம் பிரினெல் அளவில் 260–300 என்றால், இப்படிப் பக்குவப்படுத்தியது 350–390 வரும்.

தண்ணீரில் இன்னொரு வம்பும் உண்டு. சூடான தோசைக்கல்லில் தெளித்த துளி துள்ளி ஓடுகிறதல்லவா? அடியில் நீராவி மெத்தை போடுவதால்தான் ஓடுகிறது. செந்தணலான எஃகிலும் அதே கதை. மெத்தை இருக்கும் இடம் மெதுவாகவும், கலைந்த இடம் சட்டென்றும் ஆறும். ஒரே தண்டவாளத்தில் திட்டுத் திட்டாக வேறு வேறு எஃகு!

எண்ணெயிலும் அமிழ்த்தியிருக்கிறார்கள், சோவியத் ஆலைகளில் முழுத் தண்டவாளத்தையே போட்டார்கள். புகை, தீ அபாயம் எல்லாம் அதோடு வரும். காற்றில் நீர்த்துளி கலந்து தெளிக்கும் முறை மோசமில்லை, காற்றைவிட வேகமானது. ஆனால் நம் ஊர் உப்புத் தண்ணீர் குழாய் நுனியை என்ன செய்யும் என்று வீட்டு ஷவரைப் பார்த்தாலே தெரியும். நான்கு நுனி அடைத்தால் போதும், கணக்கு கெட்டுவிடும். தினமும் நுனிகளைச் சோதிக்கும் ஒழுங்கு உள்ள ஆலை அதைச் செய்யட்டும். மற்றவர்களுக்கு என் ஓட்டு காற்றுக்குத்தான். கரண்ட் செலவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் காற்று தவறினாலும் பெரும்பாலும் கடினம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தண்ணீர் தவறினால் விரிசல். அதன்மேல் போவது நம் பிள்ளைகள் ஏறிய வண்டி.

நம்பாதவர்களுக்கு ஒரு செய்தி. இன்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றால் தண்டவாளத்தின் மேல்தோல் கொதித்துவிடும். அடியிலுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலேயே அங்கே மார்ட்டென்சைட் தோல் உருவாகி, விரிசல் அதில் தொடங்கும். பாதைப் பராமரிப்புக்காரர்கள் அந்தத் தழும்பைத் தேடித் தேடிச் சரிசெய்வது அதனால்தான்.

"சூடாக்கித் தண்ணீரில் போட்டால் இரும்பு உறுதியாகும்" என்று ஒரு வரியில் பாடத்தை முடித்துவிடாதீர்கள் என்று, இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு தையல் ஊசிகளைச் சிவக்கச் சூடாக்கி, ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், மற்றதைக் காற்றில் ஆறவிடுங்கள். பிறகு இடுக்கியால் வளைத்துக் காட்டுங்கள். ஒன்று பட்டென்று ஒடியும், மற்றது வளையும். ஒடியும் துண்டு தெறிக்கும், அதனால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து, நீங்களும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.