பிள்ளை பெறச் சொல்வோர் தொட்டிலைப் பார்ப்பதில்லை

ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 2024 அக்டோபர் தொட்டு ஒரே உபதேசத்தைத் திரும்பத் திரும்ப வழங்கி வருகிறார்: அதிகப் பிள்ளைகளைப் பெறுங்கள். இரண்டுக்கு மேல் பெற்றோர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்றிருந்த தடையை அவரது அரசு நீக்கியது. 2025 ஜனவரியில், இரண்டுக்கு மேல் பெற்றோரே நிற்கலாம் என்று விதியைத் தலைகீழாக்க வேண்டும் என்னும் அளவுக்குப் பேசினார். அவர் 1989 முதல் தொடர்ந்து வென்றுவரும் குப்பம் தொகுதியில்தான், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் குடுபல்லி மண்டலமும் அடங்கும். பிறந்த பிள்ளை பிழைக்குமா என்ற கேள்வி மட்டும் அந்த உபதேசத்தில் இடம்பெறவில்லை.

2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டு நிறையுமுன் ஆந்திரத்தில் 24 பேர் இறந்தனர், தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. இந்திய சராசரி 28. அந்த 28இல் 20 மரணங்கள் முதல் 28 நாட்களுக்குள் நிகழ்ந்தவை. அவற்றிலும் நான்கில் மூன்று முதல் வாரத்திலேயே. குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகிய மூன்றே பெருங்காரணங்கள். மூன்றிற்கும் மாற்று அறியப்பட்டதே. விலை மிகுந்ததும் அன்று. முதல் ஒரு நிமிடத்தில் மூச்சூட்டத் தெரிந்த செவிலியும் முகமூடியுடன் கூடிய காற்றுப் பையும் வேண்டும். எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு தோலுறச் சேர்த்து அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், காப்புப் பெட்டிகள் போதாமையால் பிறந்தது. பிறந்தவுடனேயே அதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு காட்டியது.

ஆயினும் குழந்தைகள் கொத்தாக இறக்கும்போதெல்லாம் அதிகார வர்க்கம் சுட்டுவிரலைத் தாயின் பக்கமே நீட்டுகிறது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஐந்து நாட்களில் 11 பச்சிளங் குழந்தைகள் இறந்தனர். எடை குறைவு, இளவயதுத் திருமணம், தாயின் இரத்தசோகை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அவை பொய்யல்ல. ஆனால் இரத்தசோகை தாயின் குணக்கேடா? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். இத்தனை பேரின் குருதி வற்றினால், அது கூலியின் கணக்கும் ரேஷனின் கணக்கும் ஆகும்.

வீட்டில் நேரும் திடீர் மரணங்களின் கதையும் இதுவே. இரவில் பாலுண்டு உறங்கிய குழந்தை விடியலில் அசைவற்றுக் கிடந்தால், "புரையேறிற்று" என்ற ஒரு சொல்லில் ஊர் முடித்துவிடுகிறது; தாய் ஆயுள் முழுதும் அப்பழியைச் சுமக்கிறாள். குழந்தையை மல்லாக்கக் கிடத்துவது, புகையிலைப் புகை அண்டவிடாமை, மிகையாகப் போர்த்தாமை, தாய்ப்பால் ஆகியவை இவ்வபாயத்தைக் குறைப்பவை. பிரிட்டன் 1991இலும் அமெரிக்கா 1994இலும் குழந்தையை மல்லாக்கக் கிடத்துமாறு இயக்கம் நடத்தி இம்மரணங்களைப் பாதிக்கும் கீழே கொணர்ந்தன. பிணக்கூறாய்வும் வீட்டு விசாரணையும் நடந்து வேறு காரணம் இல்லையென்று தெளிந்த பின்னரே அங்கே 'திடீர் சிசு மரணம்' என்று எழுதப்படுகிறது. இங்கே விசாரணையே இல்லாதபோது, நிமோனியாவும் குளிரும் தொற்றும் அதே சொல்லுக்குள் புதைக்கப்படுகின்றன.

வீட்டு வாசலுக்கே சென்று பார்ப்பது பயன் தருமா என்ற ஐயத்தை மராட்டியத்தின் கட்சிரோலி எப்போதோ தீர்த்துவிட்டது. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் ஆகியோர் கிராமப் பெண்களைப் பயிற்றுவித்தனர். பச்சிளங் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. அம்முடிவுகள் 1999இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. 2011இல் ஒன்றிய அரசு அவ்வேலையை ஆஷா ஊழியர் தலையில் ஏற்றியது: 42 நாட்களில் ஆறு முறை வீடு தேடிச் சென்றால் ஊக்கத்தொகை 250 ரூபாய். ஓர் உயிரைக் காவல் காக்கும் ஒரு நடைக்கு ஏறத்தாழ 42 ரூபாய்! அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்கவும் அரசுக்கு மனமில்லை.

2015 ஆகஸ்டில், இதே நாயுடு முதலமைச்சராக இருந்தபோது, குண்டூர் அரசுப் பொது மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைப் பிரிவில் எலிகள் கடித்த பத்து நாள் குழந்தை இறந்தது. பத்தாண்டு கழித்து, பாஜக ஆளும் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், எலி கடித்த இரண்டு சிசுக்கள் இறந்தன. 2025 ஜூலையில் குப்பத்தில் டாடா துணையுடன் 'டிஜிட்டல் நரம்பு மையம்' திறக்கப்பட்டது. நோயாளியின் கோப்பைத் திரையில் காண்பது நன்றே, திரை மூச்சூட்டாது. அடுத்த செப்டம்பரில், மதனப்பள்ளி உள்ளிட்ட பத்து அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் பங்கேற்புக்குத் தர அமைச்சரவை முடிவெடுத்தது. ஏழைச் சிசுவின் மருத்துவரை உருவாக்க வேண்டிய கல்லூரியே இலாபக் கணக்கில் விழுகிறது.

பிள்ளை பெறுவோருக்கு என்ன கிடைக்கிறது? 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பேறுகாலத்திற்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2017இல் மோடி அரசு அதை 5,000 ஆக்கி முதல் குழந்தையோடு நிறுத்தியது. பின்னர் இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் மட்டும் உண்டு என்றது. மூன்றாவதைக் கேட்கும் முதலமைச்சர், தாம் தாங்கி நிற்கும் ஒன்றிய அரசிடம் அந்த மூன்றாவது குழந்தைக்கு ஒரு காசு கேட்டதுண்டா? 26 வார விடுப்புச் சட்டமோ பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் செல்லாது. விடியலுக்கு முன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்லும் குப்பம் வட்டாரப் பெண்ணுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

ஒவ்வொரு குழந்தை மரணத்தையும் ஆராய வேண்டும் என்ற ஒன்றிய வழிகாட்டுதல் 2014 முதலே உள்ளது. குடுபல்லியில் அவ்வாறு ஆராயப்பட்டவை எத்தனை, கண்ட காரணங்கள் யாவை, மூச்சூட்டப் பயின்ற செவிலியர் எத்தனை பேர் என்பவற்றைப் பெயர் மறைத்துக் கிராம சபையில் வைக்குமாறு கோர வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.