கதவைத் திறப்பதும் விளையாட்டுதான்

"அது கேமே இல்லை, வாக்கிங் சிமுலேட்டர்." 2016 பிப்ரவரியில் 'லேயர்ஸ் ஆஃப் ஃபியர்' வெளியானபோது ஒட்டிய, 'சும்மா நடக்கும் ஆட்டம்' என்ற இந்த முத்திரை இன்னும் உரியவில்லை. போலந்தின் கிராகோவ் நகரிலுள்ள ப்ளூபர் டீம் உருவாக்கிய திகில் விளையாட்டு அது. பாதியில் நிற்கும் ஓவியத்தை முடிக்கத் தன் மாளிகைக்குத் திரும்பும் குடிகார ஓவியனின் கண்வழியேதான் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். துப்பாக்கி கிடையாது, சண்டை கிடையாது. ஆகவே செய்வதற்கும் ஒன்றுமில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

உண்மையில் அங்கே ஓயாத வேலை. ஒவ்வொரு கதவையும் இழுப்பறையையும் ஆடுபவர் மவுஸால் பிடித்து, தானே இழுத்துத் திறக்கவேண்டும். மெதுவாகத் திறக்கலாம், கொஞ்சம் திறந்து, பயந்து, சாத்தவும் செய்யலாம். உள்ளே போனால் எதிர்க்கதவு பூட்டியிருக்கும். சரி, வந்த வழியே போகலாம் என்று திரும்பினால் அங்கே வெறும் சுவர். மறுபடி திரும்பினால் அறையே வேறு. சினிமாவில் ஒரு காட்சியை வெட்டி அடுத்ததைக் காட்டுபவர் படத்தொகுப்பாளர். இங்கே அந்த வெட்டு ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால், அவர் தலையைத் திருப்பும் கணத்தில் நடக்கிறது. எதையும் பார்க்காமல் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் பயம் இல்லை, கதையும் நகராது. பயத்தைத் தேடிப் போய் வாங்கிக்கொள்பவர் அவரேதான். இதைச் 'சும்மா நடப்பது' என்பவர்கள் இதேபோல் சண்டையில்லாத விளையாட்டுகளான 'டியர் எஸ்தர்' 2012இலும் 'கான் ஹோம்' 2013இலும் வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள்.

ஆடுபவர் சாகவே முடியாத விளையாட்டில் பயம் எப்படி வரும் என்பது அடுத்த கேள்வி. திகில் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். ஒரே பூதத்திடம் மூன்றாவது முறை செத்து, அதே வராந்தாவில் மீண்டும் ஓடும்போது மிஞ்சுவது எரிச்சல் மட்டுமே. எந்த மூலையில் ஒளியவேண்டும் என்பது அதற்குள் மனப்பாடம். 'லேயர்ஸ் ஆஃப் ஃபியர்' அந்த ஒத்திகைக்கு இடமே கொடுப்பதில்லை. மாளிகையில் உலவும், ஓவியனின் இறந்த மனைவியின் ஆவியிடம் சிக்கினாலும் ஆட்டம் முடியாது. ஓவியன் வேறோர் இடத்தில் விழிப்பான், கதை தொடரும். ஆனால் சிக்கியதும் சிக்காததும், ஆடுபவர் எந்தப் பொருளைத் தேடி எடுத்தார் என்பதும் கணக்கில் ஏறும். மூன்று முடிவுகளில் எது வாய்க்கும் என்பது அதைப் பொறுத்தது. தண்டனை உண்டு, உடனே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

'பி.டி.'யின் நகல் என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. விளையாட்டு இயக்குநர் ஹிதியோ கோஜிமாவின், ஆடிப் பார்க்கக்கூடிய அந்த முன்னோட்டம் 2014 ஆகஸ்டில் வந்தது. அது முன்னறிவித்த 'சைலன்ட் ஹில்ஸ்' விளையாட்டு அடுத்த ஏப்ரலில் கைவிடப்பட்டு, முன்னோட்டமும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அதே 2015 ஆகஸ்டில் ப்ளூபர் தன் விளையாட்டின் முதல் வடிவத்தை விற்பனைக்கு வைத்தது. பட்டினி கிடந்த ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் 'பி.டி.' ஒரே வராந்தாவைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்து, பழகிய இடத்தில் நேரும் சின்ன மாற்றத்தால் மிரட்டுகிறது. ப்ளூபரின் மாளிகையிலோ எந்த இடமும் பழகுவதற்குள் கலைந்துவிடும். கடன் ஒன்று, அதைச் செலவழித்த விதம் வேறு. பின்னாளில் 'சைலன்ட் ஹில் 2' மறுஆக்கத்தை, அந்தத் தொடரின் வெளியீட்டாளரான கொனாமி இதே ப்ளூபரிடம்தான் ஒப்படைத்தது. அது 2024 அக்டோபரில் வெளிவந்தது.

திடீர் அலறல்கள் அதிகம் என்பது? அதிகம்தான். நடு அத்தியாயங்களில் பொம்மைகள் வந்து விழும் விதம் சீக்கிரமே சலித்துவிடுகிறது. ஆனால் மனதில் நிற்பவை சத்தம் போடாத இடங்கள்: உருகி வழியும் சுவர்கள், கண்ணை எடுத்ததும் முகம் கோணும் ஓவியங்கள். டாவின்சியின் 'மரநாயுடன் பெண்மணி'யும் அந்த மாளிகையில் தொங்குகிறது. அதன் அசல் இருப்பதும் ப்ளூபரின் ஊரான கிராகோவில்தான்.

பைத்தியக்கார மேதை என்ற தேய்ந்த வார்ப்பை விளையாட்டு கொண்டாடுகிறது என்பவர்கள் முடிவுவரை ஆடியிருக்க வாய்ப்பில்லை. ஒரு முடிவில் ஓவியன் படத்தை முடிக்கிறான், அது கோரமாகத் தெரிகிறது, தூக்கி எறிகிறான். எறிந்த அறையில் ஏற்கெனவே அதே போன்ற படங்கள் குவிந்து கிடக்கின்றன. இன்னொரு முடிவில் அவன் படம் அருங்காட்சியகத்துக்கே போகிறது, ஆனால் அவன் வரைந்தது தன்னைத்தான். மனைவியின் தோலையும் எலும்பையும் ரத்தத்தையும் அந்தப் படத்துக்காகச் செலவழித்தவனுக்குக் கிடைத்த புகழ் அது! இதைக் கொண்டாட்டம் என்று படிக்கத் தனித் திறமை வேண்டும். 2016இலேயே வந்த 'இன்ஹெரிடன்ஸ்' என்ற கூடுதல் பகுதி, ஓவியனின் வளர்ந்த மகளை அந்த வீட்டுக்குள் அனுப்பி, தகப்பனின் ஆத்திரத்தைச் சிறுமியின் உயரத்திலிருந்து காட்டுகிறது.

விமர்சகர்கள் கேட்டது ஒருவகையில் கிடைக்கவும் செய்தது. 2023 மறுஆக்கத்தில் ஓவியன் கைக்கு ஒரு விளக்கு வந்தது; ஒளியை நேரே பிடித்தால் ஆவி பின்வாங்கும். 'செய்வதற்கு' ஒன்று கிடைத்துவிட்டது. அந்தப் பகுதிகளில் ஆடுபவர் மாளிகையைப் பார்ப்பதை விட்டு, விளக்கைக் குறிபார்க்கத் தொடங்குகிறார். பழைய பதிப்பின் நடுக்கம் அங்கே பாதியாகக் குறைகிறது.