ஒரு ஆர்டர், நாலு பதிவு

அச்சகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். கடைசிப் பத்து வருடம் கம்ப்யூட்டர் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகும் நம்ம ஊர்ப் பிள்ளைகள், "சார், இந்த வெப்சைட் ரொம்ப மெதுவா இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால் அதே பழைய வியாதி. இன்று அதைத் திட்டித் தீர்த்துவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் தெரியாத நண்பர்களும் பயப்பட வேண்டாம். தினசரி காலண்டர் தெரியும் அல்லவா? முருகன் படத்தை மொத்தமாக அடித்து வைத்திருப்போம். ஜவுளிக்கடையோ நகைக்கடையோ ஆர்டர் கொடுத்தால் கடைப்பெயரை மட்டும் அதன்மேல் அடிப்போம். வெப்சைட்டிலும் அப்படித்தான். மேலே தலைப்பு, ஓரத்தில் மெனு, கீழே முகவரி எல்லாப் பக்கத்துக்கும் பொது. அதற்கு லேஅவுட் என்று பெயர். நடுவில் மாறுவது மட்டும் அந்தந்தப் பக்கத்தின் வேலை. அதைச் செய்கிற துண்டுக்கு ஆக்‌ஷன் என்று பெயர். ஆக்‌ஷன்களை வைத்து வேலை வாங்குகிறவர் கன்ட்ரோலர். பிஎச்பியில் எழுதும் எங்களுக்கு, 2007-இல் முதல் பதிப்பு வந்த ஜெண்ட் ஃப்ரேம்வொர்க் இதையெல்லாம் ஒழுங்காகவே கொடுத்தது.

கூடவே ஆக்‌ஷன் ஸ்டாக் என்று ஒரு வசதியையும் கொடுத்தது. வினை அங்கேதான். ஓரத்தில் புதிய படங்கள், விலைப்பட்டியல், ஆர்டர் நிலவரம் என்று மூன்று கட்டம் வேண்டுமா? மூன்று ஆக்‌ஷனை அடுக்கி வை. முதல் ஆக்‌ஷன் முடிந்ததும் மற்றவை ஒவ்வொன்றாக ஓடும். அதுவும் கடைசியாக வைத்தது முதலில் ஓடும், தாள் கட்டில் மேல்தாள் முதலில் வருவதுபோல. ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் புதிதாகப் பிறக்கும். ஆக்‌ஷனுக்கு முன்னால் ஓட வேண்டிய வரிகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒற்றைக் கலர் மிஷினில் நாலு கலர் அடிப்பதுபோலத் தாள் நாலு முறை உள்ளே போய் வரும். நேரமும் நாலு மடங்கு, ரிஜிஸ்டர் விலகும் ஆபத்தும் நாலு மடங்கு.

எனக்கு விலகியது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் குவியும் நேரம். வந்த ஆர்டரைப் பதிவு செய்யும் வரிகளை, ஒவ்வொரு ஆக்‌ஷனுக்கும் முன்னால் ஓடும் பொது இடத்தில் எழுதி வைத்திருந்தேன். பக்கத்துக்கு நாலு ஆக்‌ஷன். ஐந்நூறு காலண்டர் கேட்டவர் பெயரில் இரண்டாயிரம் ஏறியது. "ஒரு தடவை அழுத்துன்னா நாலு தடவை அழுத்தியிருக்கான்" என்று ஆர்டர் ஏற்றும் பையனை எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். திட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்று நாள் கழித்துத்தான் குற்றவாளி நான் எழுதிய அடுக்கு என்று தெரிந்தது. அதற்குள் அவன் கணக்கை முடித்துக்கொண்டு ஒரு பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

"தனித்தனி ஆக்‌ஷனாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் மறுபடி பயன்படுத்தலாமே சார்" என்று வாதாடுகிறார்கள். மறுபடி பயன்படுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? தகவலை எடுத்துத் தரும் பகுதியைப் பயன்படுத்துங்கள். கட்டத்தை வரையும் சின்ன டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துங்கள். கன்ட்ரோலரை விட்டுவிடுங்கள். அவர் ஆபீசில் ஆர்டர் வாங்கும் அண்ணாச்சி மாதிரி. சாம்பிள் படம் வேண்டுமென்றால் அவரே உள்ளே போய் எடுத்து வருவார். அதற்காக வாடிக்கையாளரை வாசலுக்கு அனுப்பி மறுபடி உள்ளே வரச் சொல்வதா?

ஜெண்ட்காரர்களே 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த அடுக்கைக் கைவிட்டு, ஒரு பக்கத்துக்குள் சின்னப் பக்கங்களைப் பொருத்தும் முறைக்கு மாறினார்கள். முதல் பதிப்புக்கான ஆதரவும் 2016-இல் முடிந்தது. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று லாராவெல் எழுதும் பிள்ளைகளும் ஒரு கன்ட்ரோலருக்குள்ளிருந்து இன்னொரு கன்ட்ரோலரைக் கூப்பிடுகிறார்கள். ஓரக் கட்டங்களுக்கு அதில் வியூ கம்போசர் இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார்த்தால் என்ன?

லாராவெலில் க்யூ என்றும் ஒன்று உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஈமெயில் அனுப்புவது, பெரிய பிடிஎஃப் தயாரிப்பது போன்றவற்றை வரிசையில் போட்டுப் பிறகு செய்வது நல்ல முறை. பில்லைக் கையில் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டு, பார்சலைச் சாயங்காலம் லாரி ஆபீசில் போடுவதில்லையா? அதுபோல. ஆனால் அந்த பில்லையே நாலு மேஜைக்கு அனுப்பி, ஒவ்வொரு வரியாக எழுதி வாங்குவது மடத்தனம்.

தம்பிகளே, உங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆக்‌ஷன் ஓடுகிறது என்று இன்று இரவே எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் திருத்துங்கள். அதற்கப்புறமும் கணக்குத் தப்பினால் பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்கு முன்னால் கேட்காதீர்கள்.