பாவமன்னிப்பும் மீளளிப்பும்

கிறிஸ்தவக் கோட்பாடுகளுள் பிற சமயத்தாராலும் சமயஞ் சாராதோராலும் மிகுதியாக எள்ளப்படுவது பாவமன்னிப்புக் கோட்பாடே எனலாம். ஆறு நாளும் அடாதன செய்தவன் ஏழாம் நாள் குருவானவரின் முன் முழந்தாளிட்டுத் தன் குற்றங்களை எடுத்துரைக்கிறான். அவர் விதித்த செபங்களைச் சொல்லி முடித்ததும் தூயவனாய் எழுந்து செல்கிறான். மறுநாள் பழைய கணக்கு மீண்டும் தொடங்குகிறது என்பதே எள்ளுவோர் வரையுஞ் சித்திரம். வினை விதைத்தவன் வினையறுப்பான் எனக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் சூழலில் இக்கண்டனம் எளிதில் வேரூன்றுவது இயல்பே. வியப்புக்குரியது யாதெனில், விசுவாசிகள் பலரும் இச்சித்திரத்தை மறுப்பதில்லை என்பதாகும். எள்ளுவோர் எதனைக் குறையென்கின்றனரோ, அதனையே இவர்கள் இறைவனின் எல்லையற்ற இரக்கம் எனப் போற்றுகின்றனர்.

இரு சாராரும் பிழைபடுவது ஒரே இடத்திலேயாகும். பாவத்தை, பாவிக்கும் கடவுளுக்கும் இடையே மட்டும் நிகழ்வதொன்றாக இருவருங் கொள்கின்றனர். பாவத்தாற் பறிகொடுத்தவன், அடிபட்டவன், உறவை இழந்தவன் ஆகிய மூன்றாம் ஆள் இருவர் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் கிறிஸ்தவத்தின் மூலநூலும் அதன் தலைசிறந்த ஆசிரியர்களும் போதித்த மன்னிப்பில் அம்மூன்றாம் ஆளுக்கே முதலிடமுண்டு. பறித்ததைக் கையில் இறுகப் பற்றியிருப்பவனுக்கு அம்மன்னிப்பு உரியதன்று. இவ்வுண்மை மறக்கப்பட்டமை தற்செயலானதன்று. பறித்தவர்களுக்கு அது வசதியாய் இருந்தமையினாலேயே மறக்கப்பட்டது.

முதலில் மூலநூலை நோக்கலாம். அயலானை ஏமாற்றிப் பொருள் கவர்ந்தவன் அதனை ஐந்திலொரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டுமென்றும், அதனுடன் குற்றநிவாரண பலியையும் செலுத்த வேண்டுமென்றும் லேவியராகமம் விதிக்கின்றது. பலி மட்டும் போதுமென்று அச்சட்டம் எங்கணும் கூறவில்லை. மலைப்பிரசங்கம் இதனினும் ஒருபடி மேற் செல்கின்றது. காணிக்கை செலுத்த வந்தவனுக்குத் தன்மீது சகோதரனுக்கு மனக்குறை உண்டென்பது நினைவுக்கு வருமாயின், காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே விட்டுச்சென்று முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி இயேசு பணிக்கிறார். வழிபாடு காத்திருக்கலாம், துன்புற்றவன் காத்திருத்தலாகாது என்பதே இதன் பொருள். வரி வசூலிப்போர் தலைவனான சக்கேயுவின் வரலாறும் இத்தகையதே. தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் எழுந்து நின்று அறிவித்த பின்னரே, அவ்வீட்டுக்கு மீட்பு வந்ததென இயேசு கூறியதாக லூக்கா எழுதுகிறார்.

இதற்கு மறுப்பாக மூன்று சான்றுகள் காட்டப்படுவதுண்டு. சிலுவையில் தொங்கிய கள்வன் எதனையும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்பர். ஆணியறையப்பட்ட கைகளில் திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை என்பதே இதற்கு விடை. இயலாதவனுக்குக் காட்டிய இரக்கத்தை இயலுபவனின் உரிமையாக்குவது நேர்மையன்று. ஊதாரி மைந்தனைத் தந்தை நிபந்தனையின்றி ஏற்றாரே என்பர். அங்கு மன்னித்தவர் யார்? புண்பட்டவராகிய தந்தையே, அயலூரார் ஒருவர் தந்தைக்காக மன்னிக்கவில்லை. பதினாயிரம் தாலந்துக் கடனை அரசன் தள்ளுபடி செய்தானே என்பர். அவன் தள்ளுபடி செய்தது தனக்கு வரவேண்டிய கடனை. குடிமக்களுள் ஒருவனுக்கு இன்னொருவன் கொடுக்கவேண்டிய பணத்தை அவன் தாராளமாகத் தள்ளுபடி செய்தானென அவ்வுவமை கூறவில்லை. ஆகவே இம்மூன்று சான்றுகளும் மறுப்போர் பக்கம் நிற்பனவல்ல.

திருச்சபையின் போதனையும் இவ்வழியே வந்தது. கவர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க இயன்றும் கொடாதவனின் மனந்திரும்புதல் வெறும் பாசாங்கு என்றும், அவனுடைய பாவம் மன்னிக்கப்படாதென்றும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் மக்கேதோனியுஸ் என்னும் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் வற்புறுத்தினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் மீளளித்தலை மீட்புக்கு இன்றியமையாததென நிறுவினார். திரெந்துப் பொதுச்சங்கம் 1551இல் ஒப்புரவுச் சாதனத்தில் பாவி செய்யவேண்டியனவற்றை மனத்துயர், அறிக்கையிடல், பரிகாரம் என மூன்றாக வகுத்தது. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் இவற்றுள் முன்னையவை மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம் என வழங்கின. பரிகாரத்தைக் குறித்த உத்தரித்தல் என்னும் சொல்லோ, இன்று பெரும்பாலும் மரித்தோருக்குரிய உத்தரிக்கும் ஸ்தலத்தின் பெயரில் மட்டுமே கேட்கின்றது. உயிரோடிருக்கையில் செய்யவேண்டிய கடமை மறுமைக்கு ஒத்திவைக்கப்பட்டமைக்கு இச்சொல்லின் தேய்வு ஓர் அடையாளமெனக் கொள்ளலாம்.

போதனை இவ்வாறிருக்க, அதனை எழுத்தளவில் விடாது நடைமுறைப்படுத்த முனைந்தவருக்கு நேர்ந்தது யாது என்பதற்குப் பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பானிய அமெரிக்காவே தக்க சான்றாகும். ஸ்பானியக் குடியேற்றக்காரருக்குச் சுதேச மக்கள் குழுக்குழுவாக ஒப்படைக்கப்பட்டனர். அவர்களிடமிருந்து திறையும் உழைப்பும் பெறுவது குடியேற்றக்காரரின் உரிமை. அவர்களுக்குக் கிறிஸ்தவம் போதிக்கச் செய்வது கடமை. என்கோமியெண்டா எனப்பட்ட இவ்வமைப்பில் உரிமை முற்றாக நிறைவேறியது. சுரங்கங்களிலும் வயல்களிலும் மக்கள் மடிந்தனர். 1511 டிசம்பரில், ஹிஸ்பானியோலாத் தீவில், அந்தோனியோ டெ மொந்தெசீனோஸ் என்னும் டொமினிக்கன் துறவி, இக்கொடுமை புரிவோர் அனைவரும் சாவான பாவத்தில் வாழ்கின்றனர் எனப் பிரசங்கபீடத்திலிருந்து முழங்கினார். அத்தகையோருக்குப் பாவமன்னிப்பு வழங்கவும் டொமினிக்கன் துறவிகள் மறுத்தனர்.

அவ்வாறு மறுக்கப்பட்டவர்களுள் ஒருவர் பார்த்தொலோமே டெ லாஸ் காசாஸ் என்னும் குருவானவர். தம் கீழும் சுதேசிகளை வைத்திருந்த அவர், அன்று அத்துறவியோடு வாதிட்டுத் திரும்பினார். ஆயின் அம்மறுப்பு அவர் உள்ளத்தில் தைத்தது. 1514இல் கியூபாவில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரை அவர் விடுவித்தார். எளிதில் மன்னிப்புப் பெற்றிருப்பாராயின், அவர் வசதிமிக்க ஒரு நிலக்கிழாராகவே இறந்திருக்கக்கூடும். மன்னிப்பை மறுத்த துறவியே அவருக்கு உண்மையான இரக்கத்தைக் காட்டியவர் என்பது இங்கு கருதத்தக்கது.

சியாப்பாஸ் மறைமாவட்டத்தின் ஆயராக 1545இல் வந்து சேர்ந்த லாஸ் காசாஸ், சுதேசிகளை அடிமைகளாய் வைத்திருப்போர் அவர்களை விடுவித்தாலன்றிப் பாவமன்னிப்பு இல்லையென ஆணையிட்டார். குடியேற்றக்காரர் கொதித்தெழுந்தனர், அவரது உயிருக்கே அச்சுறுத்தல் நேர்ந்தது. அடுத்து, குருமாருக்கென அவர் பன்னிரு விதிகளடங்கிய கைநூலொன்றை எழுதினார். மரணப் படுக்கையிலிருக்கும் குடியேற்றக்காரனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்குமுன், சட்ட எழுத்தரை அழைத்துப் பத்திரம் எழுதுவிக்க வேண்டும்; அடிமைகள் விடுவிக்கப்பட வேண்டும்; சுதேசிகளிடமிருந்து பெற்ற செல்வம் யாவும் அவர்களுக்கோ அவர்களின் வாரிசுகளுக்கோ மீளளிக்கப்பட வேண்டும்; அதன் பின்னரே மன்னிப்பு என்பது அந்நூலின் சாரம். செபமாலைக்கு முன் பத்திரம் என்பது பலருக்குத் திகைப்பூட்டிற்று. 1548இல் அக்கைநூலின் பிரதிகளைக் கைப்பற்றுமாறு அரசாணை பிறந்தது. எனினும் 1552இல் அதனை செவில் நகரில் அவர் அச்சிட்டு வெளியிட்டார்.

அரசாணையின் உட்கிடை தெளிவானது. குருவானவர் செபம் விதிக்கும் வரை பாவமன்னிப்பால் எந்தப் பேரரசுக்கும் இடரில்லை. திருப்பிக் கொடு எனச் சொல்லத் தொடங்கியதும் அது இராசத்துரோகமாகிறது. லாஸ் காசாஸ் குற்றமற்றவரல்லர். சுதேசிகளின் சுமையைக் குறைக்க ஆபிரிக்க அடிமைகளைக் கொணரலாமென ஒருகால் ஆலோசனை கூறியவர் அவரே. பின்னர் அது பெருந்தவறெனத் தாம் எழுதிய வரலாற்றில் ஒப்புக்கொண்ட அவர், அறியாமை தம்மை இறைவன் முன் காக்குமோ என ஐயுற்றார். பிறருக்குக் கடுமையாய் விதித்ததைத் தமக்கு மட்டும் இலகுவாக்கிக் கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மீளளித்தலை வற்புறுத்துவது இறையருளுக்கு விலை பேசுவதாகும், மன்னிப்பு அருளால் மட்டுமே வருவது என்பது சீர்திருத்த மரபினருட் சிலர் கூறும் தடை. இவர்கள் மார்ட்டின் லூதரைத் துணைக்கழைப்பர். லூதர் 1517இல் எதிர்த்தது எதனை? பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுக்களின் விற்பனையை. ஜேர்மனியில் திரட்டிய அப்பணத்திற் பாதி, பேராயர் அல்பிரெக்ற் பதவி பெறுவதற்காக ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் வாங்கிய கடனைத் தீர்க்கச் சென்றது. எஞ்சியது ரோமின் புனித பேதுரு ஆலயக் கட்டுமானத்துக்கு. அநீதிக்குள்ளானவனுக்கு அதில் ஒரு காசேனும் போகவில்லை. லூதரின் தொண்ணூற்றைந்து கூற்றுக்களுள் முதலாவது, விசுவாசியின் முழுவாழ்வும் மனந்திரும்புதலாய் அமைய வேண்டும் என்பது. ஏழைக்குக் கொடுப்பது சீட்டு வாங்குவதினும் மேலானது என்பது பிறிதொன்று. விலை கொடுத்து வாங்கிய மன்னிப்பைச் சாடியவர், விலையேயற்ற மன்னிப்பைப் போதித்தார் எனல் பொருந்தாது. லூதரன் சபையைச் சார்ந்த டீற்றிக் பொன்ஹோஃபரே, மனந்திரும்புதலின்றி வழங்கும் மன்னிப்பை மலிவான அருள் எனப் பெயரிட்டு 1937இல் கண்டித்தார். ஹிற்லரை எதிர்த்தமைக்காக 1945 ஏப்பிரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜேர்மனியின் புரட்டஸ்தாந்து சபைத் தலைவர்கள் ஸ்ருட்கார்ட் நகரில் வெளியிட்ட குற்ற அறிக்கை ஆராயத்தக்கது. துணிவாக அறிக்கையிடவில்லை, மகிழ்வாக விசுவசிக்கவில்லை என்ற வகையில் அவர்கள் தம்மைக் குற்றஞ்சாட்டிக்கொண்டனர். அக்காலத்தில் அதுவே பலருக்குச் சினமூட்டிற்று. எனினும் கொல்லப்பட்ட யூத மக்களின் பெயர் அவ்வறிக்கையில் இடம்பெறவில்லை. அறிக்கையைப் பெற்றுக்கொண்டோர் வெளிநாட்டுத் திருச்சபைகளின் பிரதிநிதிகள். குற்றம் யாருக்கெதிராக இழைக்கப்பட்டதோ அவர்களை விளிக்காத குற்ற அறிக்கை எவ்வளவு உருக்கமாயினும் அரைகுறையானதே.

தென்னாபிரிக்காவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இதனினும் நேர்மையானது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதற்குப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைமை தாங்கினார். அரசியல் நோக்கில் இழைத்த குற்றத்தின் முழு உண்மையையும் வெளியிட்டாலன்றிப் பொதுமன்னிப்பு இல்லையென அச்சட்டம் வரையறுத்தது. பல நாடுகள் இவ்வளவேனும் செய்ததில்லை. ஆயினும் மனவருத்தத்தை அது கோரவில்லை. மன்னிப்புப் பெற்றவன்மீது நட்டஈடு கோரும் உரிமையையும் அது பறித்தது. ஸ்டீவ் பிக்கோ முதலியோரின் குடும்பத்தினர் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் 1996இல் நிராகரித்தது. பாதிக்கப்பட்டோருக்கு 2003இல் அரசு அறிவித்த முப்பதாயிரம் ராண்ட், ஆணைக்குழு பரிந்துரைத்ததிலும் மிகக் குறைவு. கொன்றவனுக்கு விடுதலை உடனே கிடைத்தது. இழந்தவனுக்குரிய ஈடு பிந்தியும் குறைந்தும் வந்தது. உள்நாட்டுப் போரைத் தவிர்க்கும் அரசியல் உடன்பாடாக இதனை ஒருவர் நியாயப்படுத்தலாம். ஆனால் அதற்குக் கிறிஸ்தவ மன்னிப்பு என்னும் பெயர் பொருந்தாது. ஏனெனில் இழந்தவரின் சம்மதமின்றி இன்னொருவர் வழங்கிய மன்னிப்பு அது.

அவ்வாறாயின் எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கும்படி இயேசு பணித்தது என்னாவது எனும் வினா எழும். அக்கட்டளை மெய்யானது, கடினமானது. பழிவாங்கும் எண்ணத்தை ஒழித்துத் தீங்கிழைத்தவனையும் மனிதனாகக் கருதக் கோருவது. லூக்காவின் வாசகத்தில், அவன் மனந்திரும்பினால் என்ற நிபந்தனையும் அதனோடு சேர்ந்தே வருகின்றது. இதனினும் முக்கியமானது, அக்கட்டளை யாரால் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதாகும். துன்புற்றவர்களோடு தாமும் துன்புற்றுச் சிலுவையில் மரித்தவர் தம் சீடருக்குச் சொன்னது அது. அடித்தவன் அடிபட்டவனை நோக்கி அதனை மேற்கோள் காட்டுவானாயின், வேதவாக்கு அவன் வாயில் இரண்டாவது அடியாகிவிடுகிறது. அவனுக்கெனச் சொல்லப்பட்ட கட்டளை வேறு: காணிக்கையை விட்டுவிட்டுச் சகோதரனிடம் போ என்பதே அது.

மாண்டவரை மீளளிக்க முடியாதே என்பர். உண்மை. உயிருக்கு ஈடில்லை. ஆனால் முழுதும் திருப்பிக் கொடுக்க இயலாமை, இயன்றதையும் கொடாதிருப்பதற்கு நியாயமாகாது. நிலம் திருப்பிக் கொடுக்கக் கூடியது. எங்கே புதைக்கப்பட்டனர் என்னும் உண்மை சொல்லக் கூடியது. கொல்லப்பட்டவரின் பெயரை உரத்துக் கூற இயலும். வாரிசுகளின் முன் தலைகுனிந்து நிற்க இயலும். இவற்றைச் செய்தபின் எஞ்சும் தீராக் கடனுக்கே இறையருள் வேண்டப்படுகின்றது. இவற்றைச் செய்யாது அருளை வேண்டுபவன் தள்ளுபடி கேட்பது தன்னால் தீர்க்க முடியாத கடனையன்று, தீர்க்க மனமில்லாத கடனையே.

பாவமன்னிப்பை எள்ளுவோர் எள்ளவேண்டியது கோட்பாட்டையன்று, அதன் போலியை. அதனைப் போற்றும் விசுவாசிகளும் தம் பங்கில் ஒரு வினாவுக்கு விடையிறுத்தாக வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து செல்பவன் அடுத்ததாக யாருடைய வீட்டுக்குப் போகிறான்? தன் வீட்டுக்கு நேரே போகிறானாயின், அவன் பெற்றது ஆறுதல் மட்டுமே. தன்னாற் பறிகொடுத்தவனின் வாசலில் போய் நிற்பானாயின், சக்கேயுவின் வீட்டுக்கு வந்த மீட்பு அவன் வீட்டுக்கும் வழியறிந்து வரும்.