அந்த முத்தத்தை விட்டுவிட்டு ஆலிஸைப் பற்றிப் பேசுவோம்

விக்டோரியா மகாராணியின் மகள், ஜேர்மனியின் ஹெஸ்ஸெ நாட்டுக்கு மருமகளாய்ப் போய்ப் பெருங்கோமகள் ஆனவர் ஆலிஸ். அவரைப் பற்றி வாசிக்கப் போனால் முதலில் வந்து நிற்பது ஒரு முத்தம்தான்.

1878 நவம்பரில் டாம்ஸ்டாட் அரண்மனைக்குள் தொண்டைக்கரப்பன் நோய் புகுந்தது. நாலு வயது மகள் மேரி இறந்துபோனாள். அதைக் கேட்டு அழுத மகனை ஆலிஸ் முத்தமிட்டாராம், அதில்தான் நோய் தொற்றியதாம். டிசம்பர் 14 அன்று, 35 வயதில் அவரும் போய்ச்சேர்ந்தார். பிரித்தானியப் பிரதமர் டிஸ்ரேலி இதைப் பிரபுக்கள் சபையிலேயே உருக்கமாய்ச் சொன்னார். அண்டைக்குத் தொடங்கின ஒப்பாரி இன்னும் ஓயவில்லை.

கணவனும் பிள்ளைகளும் வரிசையாய்ப் படுத்துக்கிடந்த வீட்டில் இராப்பகலாய்ப் பராமரித்தவருக்கு, நோய் எந்த நேரத்தில் தொற்றியது எண்டு யார் கண்டது? ஆனால் முத்தம் நல்ல கதை. கதைக்கு வசதியான கதை.

இன்னொண்டையும் பாருங்கோ. உயிரோட இருக்கேக்க, தன் பிள்ளைக்குத் தானே பால் கொடுத்தார் எண்டதுக்காக, பால்மோரல் பண்ணையில் ஒரு பசுவுக்கு அவருடைய பெயரை வைத்தவர் பெற்ற தாய் விக்டோரியாதான். இருக்கும்போது தாய்மை பகிடி. செத்த பிறகு தாய்மை மட்டும்தான் புகழ்.

இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் செய்த வேலை எங்கே போனது?

1866 போரில் ஹெஸ்ஸெ தோற்றது. காயப்பட்டவர்களைப் பார்க்கப் பயிற்சி பெற்ற தாதியர் போதாது எண்டதை நிறைமாதக் கர்ப்பிணியாய் இருந்தபடியே அவர் கண்டார். அடுத்த வருடமே தாதியர் பராமரிப்புக்கான ஆலிஸ் மகளிர் சங்கம் உருவானது. அந்தக் காலத்து ஜேர்மனியில் தாதி வேலை பெரும்பாலும் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து சகோதரிகளின் கையில் இருந்தது. ஆலிஸோ மதம் பாராமல் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். புளோரன்ஸ் நைற்றிங்கேலுக்குக் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார்.

1867இல் இன்னொரு சங்கமும் வந்தது. அதன் பெயரிலேயே 'பெண் கல்வி'யோடு 'சம்பாத்தியம்' எண்ட சொல்லும் இருக்கிறது. பிச்சை இல்லை, தருமம் இல்லை, சம்பாத்தியம். அதில் அவரோட தோளோடு தோள் நின்றவர் எழுத்தாளர் லூயிஸ பியூக்னர். நாடகாசிரியர் கியோர்க் பியூக்னரின் தங்கச்சி எண்டால்தான் பலருக்கு விளங்கும். அதுவும் இதே நோய்தான்: பெண்ணை ஆருடையவோ தாயாய், ஆருடையவோ தங்கச்சியாய் மட்டும் ஞாபகம் வைக்கிறது.

"அரண்மனைக்காரிக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து? மக்கள் காசுதானே?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கலியாணத்துக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் கொடுத்த சீதனம் மட்டும் 30,000 பவுண், அதோட வருடாவருடம் 6,000. அந்தப் பணத்தை ஒருநாளும் கண்டிராத பெண்கள்தான் அவருடைய சங்கங்களில் உழைத்தார்கள். ஆகவே ஆலிஸைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. தெய்வமாக்கினால் அந்தப் பெண்கள் இரண்டாம் தரமும் காணாமல் போவார்கள்.

சொல்வது இவ்வளவுதான். தியாகத் தாய் எண்டு கும்பிட்டால் ஆருக்கும் செலவில்லை. ஒரு பெண்ணுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுப்பதெண்டால் செலவு இருக்கிறது. அதனால்தான் உலகத்துக்கு முத்தம் பிடித்திருக்கிறது. டாம்ஸ்டாட்டில் ஆலிஸ் வைத்தியசாலை இண்டைக்கும் இயங்குகிறது. அதைக் கட்டி நிறுத்தியது கண்ணீர் இல்லை, வேலை.