நோயாளியின் படுக்கையருகே சாட்சி

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் மருத்துவமனைக் கூடங்களுக்கு வேதப் புத்தகத்துடன் வருவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் உண்மையான அன்புடன் வருபவர்கள். பழம் கொண்டுவருகிறார்கள், துணைக்கு இருப்பவர் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரட்டும் என்று அரைமணி நேரம் காவலும் இருக்கிறார்கள். ஒரு சிலர் மட்டும் வந்ததும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நோய் எதனால் வந்தது, எந்தப் பாவத்தின் பலன், யாரை நம்பினால் நீங்கும் என்று அந்தப் பேச்சு நீளும். கேட்பவரோ கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருப்பவர். எழுந்து போக அவரால் இயலாது. மறுத்துப் பேசவும் தெம்பிராது.

நானும் கிறிஸ்தவனே. ஆகவே என் சபையாருக்கு இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன். நோயுற்றவரிடத்தில் முதலில் செல்ல வேண்டியது நம் நடத்தை. பேச்சு, அவராகக் கேட்கும்போது வரட்டும். இவ்வாறு சொன்னால், சாட்சி பகர்வதை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடையாக நான் எடுத்துக்காட்டுவது தமிழ்நாட்டிலேயே வாழ்ந்த ஒரு குடும்பத்தை.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லிமலையில் குடியேறினர். மலேரியா மிகுந்திருந்த மலை அது. ஜெஸ்ஸி முழுப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது காலம் பயின்றிருந்தார், அவ்வளவே. பல் பிடுங்கினார், புண்களுக்கு மருந்திட்டார், நரம்புச் சிலந்தி நோயால் துன்புற்றவர்களின் காலிலிருந்து புழுவை மெல்ல மெல்ல இழுத்து எடுத்தார். நோயாளி தண்ணீருக்குள் கால் வைக்கும்போதுதான் அந்தப் புழு தன் குஞ்சுகளை நீரில் விடுகிறது. எனவே யாரும் காலை நனைத்து இறங்க இயலாதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார். குடிநீரைத் துணியில் வடிகட்டக் கற்பித்தார். இத்தனையும் செய்தும் ஆண்டுக்கணக்கில் மலைமக்களில் ஒருவரும் அவருடைய சபையில் சேரவில்லை. அவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் அவ்வூர்ப் பூசாரி. பின்னர் விஷக் காய்ச்சல் பரவியபோது அந்தப் பூசாரியே நோயில் விழுந்தார். தொற்றுக்கு அஞ்சி மற்றவர்கள் விலகினர். பிராண்ட் தம்பதியர் போய்ப் பணிவிடை செய்தனர். இறக்குமுன் அவர் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன் பிறகுதான் மலைமக்கள் அவர்களை நாடி வரத் தொடங்கினார்கள்.

மதம் மாறியோரின் எண்ணிக்கைக்காக நான் இதைச் சொல்லவில்லை. தம்மை எதிர்த்த ஒருவரின் வாசற்படியை மிதித்தபோது அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பூசாரி பிழைத்தெழுந்து முன்போலவே எதிர்த்திருந்தாலும் அவர்கள் மறுநாளும் மருந்துப் பெட்டியுடன் போயிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். 1929இல் மலேரியாவின் கடும் விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். ஈவ்லின் பணியைத் தொடர்ந்தார். ஓய்வு வயது வந்தபின் மிஷன் அவருடைய பணிக்காலத்தை நீட்டிக்க மறுத்தபோது, சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பினார். 1974இல், தம் 95ஆம் வயதில் காலமாகும்வரை தமிழ் மண்ணை விட்டு அவர் மனம் அகலவில்லை.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிய விரல்களுடன் இருந்த நூற்றுக்கணக்கான கைகளைக் கண்டார். பொது மருத்துவமனைகள் தொழுநோயாளரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. நோய்தான் விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்று மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். அந்த விளக்கம் எல்லோருக்கும் வசதியானது. நோயின் இயல்பு என்று சொல்லிவிட்டால் மருத்துவருக்கு மேற்கொண்டு வேலையில்லை; ஊழ்வினை என்றோ தேவசித்தம் என்றோ சொல்லிவிட்டால் ஊராருக்கும் வேலையில்லை.

பிராண்ட் அந்த வசதியை ஏற்கவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டதாகத் தம் நூலில் எழுதுகிறார். வியந்து பையனின் கையைப் பார்த்தால் விரல் எலும்புவரை கிழிந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி என்னும் காவல் போய்விட்ட கை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பதை அவர் படிப்படியாக நிறுவினார். வேலூரில் தம் நோயாளிகளின் கைகால்களில் தோன்றும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், விளக்குக் கண்ணாடி, கருவியின் கூரிய பிடி என்று ஒவ்வொன்றாகக் காரணங்கள் வெளிப்பட்டன. இரவில் விரலின் ஒரு பகுதியே காணாமற்போன புதிர் மட்டும் எஞ்சியது. விழித்திருந்து பார்த்ததில், உறங்குபவரின் உணர்விழந்த விரலை எலி கடித்துச் சென்றது தெரியவந்தது. அதற்குப் பின் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிக்கு ஒரு பூனையும் துணைக்குக் கொடுத்தனுப்பினார்கள்! மருத்துவ வரலாற்றில் பூனையைப் பரிந்துரைத்தவர்கள் வேறு யாரேனும் உண்டா என்பதை நான் அறியேன்.

நேர்மை என்ற சொல்லைப் பணம் காசு விஷயத்தோடு நிறுத்திவிடுகிறோம். உண்மையைத் தேடும்போது பாதிவழியில் நின்றுவிடாமையும் நேர்மைதான் என்பதை பிராண்டின் வாழ்க்கை எனக்குக் காட்டுகிறது. இறைவன் பெயரைச் சொல்லி அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. செயலிழந்த தசைக்குப் பதிலாக நல்ல தசையின் நாணை மாற்றி இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையில் அவர் உலகிற்கே முன்னோடியானார். அவரிடம் பயின்றவர்களுள் மேரி வர்கீஸ் ஒருவர். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். தளர்ந்துபோன நோயாளி ஒருவர் முன்னால் அந்த நாற்காலி வந்து நிற்கும்போது ஆறுதல் மொழிக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

இனி நம் ஊருக்கு வருகிறேன். காரைக்குடி வட்டாரத்தில் இன்று மரத்துப்போன கால்களுக்கு முதன்மையான காரணம் நீரிழிவு. தைப்பூசத்திற்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடப்பவர்களிலும், வேளாங்கண்ணித் திருவிழாவிற்கு நடப்பவர்களிலும் நீரிழிவு உடையவர்கள் பலர். வெறுங்காலில் கொப்புளம் எழுந்து உடைவது அவர்களுக்குத் தெரிவதில்லை. வீடு திரும்பி மூன்றாம் நாள் நாற்றம் எழுந்தபின் வருகிறார்கள். முருகனுக்காக நடந்தாலும் மாதாவுக்காக நடந்தாலும் புண் ஒன்றே.

அத்தகைய நோயாளியின் வீட்டில்தான் நான் சொல்லும் சாட்சிக்கு இடமிருக்கிறது. பெரிய வியாழனன்று ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கைப் பக்தியுடன் காண்கிறோம். நாள்தோறும் இரவில் மாமனாரின் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்கும் மருமகளை யாரும் காண்பதில்லை. அப்பெண் எந்தச் சமயத்தவராயினும் அவர் செய்வது அதே செயல். நீரின் சூட்டை நோயாளியின் காலால் பார்க்காமல் தம் முழங்கையால் பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மை பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது கசப்பானாலும். சுகமளிக்கும் கூட்டத்திற்குப் போய்வந்தபின் இன்சுலினை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. ஜெபிப்பதில் எனக்கு மாறுபாடு இல்லை, நானும் ஜெபிப்பவன். மருத்துவர் கேட்கும்போது, ஊசி தவறாமல் போடுகிறோம் என்று சொல்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. 30 யூனிட் போட்டும் சர்க்கரை 400இல் நிற்கிறது என்று நம்பும் மருத்துவர் அளவை 40 ஆக்குவார். மருத்துவமனையில் செவிலியர் அந்த அளவை ஒழுங்காகப் போடுவார். அன்றிரவே சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழக்கக்கூடும். விசுவாசத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சொன்ன பொய் உயிருக்கே உலை வைக்கிறது. நிறுத்தியிருந்தால் நிறுத்தினோம் என்று சொல்லுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அதற்காகக் கடிந்துகொள்ள மாட்டார்; கடிந்துகொண்டால் அது அவருடைய குறை.

இதற்கு நேரெதிராக, விரலை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று வெளியே அழைத்துக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பாசம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அதற்கு நான் இசைவதில்லை. மயக்கம் தெளிந்து கட்டைப் பார்க்கும் மனிதர் அதன்பின் மருத்துவரையும் நம்பமாட்டார், பிள்ளையையும் நம்பமாட்டார். எப்போது, எவ்வளவு, எந்தச் சொற்களில் சொல்வது என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம். பொய் சொல்வது மட்டும் இயலாது.

மருத்துவருக்கும் இதே அளவுகோல்தான். பரிசோதனைக்கு அனுப்பியதற்காகப் பங்குத்தொகை பெறுவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடைசெய்கின்றன. இந்தப் பரிசோதனை எதற்கு என்று நீங்கள் கேட்டால் விளக்குவது எங்கள் கடமை. தயங்காமல் கேளுங்கள்.

1966இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், வேலூரில் கற்றதை அங்கே நீரிழிவு நோயாளரின் கால்களுக்கும் பயன்படுத்தினார். அவரும் அவருடைய குழுவினரும் தொழுநோயாளருக்காகப் புழக்கத்திற்குக் கொண்டுவந்த நுண்துளை ரப்பர் காலணியைத்தான் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். கால் மரத்திருக்கிறதா என்பதை 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். வலியும் இராது. வரும் தை மாதம் நடைப்பயணம் புறப்பட எண்ணுவோர் அதற்கு முன்னரே வந்து காலைக் காட்டிவிட்டுப் போகலாம். நடக்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுவேனோ என்று அஞ்ச வேண்டாம். எந்தச் செருப்புடன், ஒரு நாளைக்கு எவ்வளவு தொலைவு என்று இருவருமாக உட்கார்ந்து பேசுவோம்.