காந்தத்திற்கும் கூலி உண்டு

காந்தங்களை வட்டமாக அடுக்கினால் எரிபொருளின்றி ஓயாது சுழலும் பொறி கிடைக்கும் என்ற வாதத்தை இலக்கிய நண்பர்கள் சிலர் ‘மாற்று அறிவு’ என்று கொண்டாடுகிறார்கள். மறுப்பவர் மேற்கின் அடிமையாம். காந்தச் சக்கரக் கனவே மேற்கிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சுக்காரர் பீட்டர் பெரிகிரினஸ் 1269-இல் எழுதிய மடலில் அது இருக்கிறது. பாஸ்கராச்சாரியர் 12ஆம் நூற்றாண்டிலேயே பாதரசச் சக்கரம் சொன்னாரே என்பார்கள். சொன்னார், இரண்டும் ஏட்டோடு நின்றன.

பெரிய பொறியாளரே சாட்சி என்பது அடுத்த வாதம். கைகா அணுமின் திட்டத்தின் இயக்குநராக இருந்த பரமஹம்ச திவாரி, தமது காந்த மின்னாக்கி வாங்குவதைவிட அதிகம் தருவதாகக் கூறிவந்தார். அதிகம் தருமெனில் அதில் ஒரு பங்கைத் திருப்பி ஊட்டிவிட்டு, வெளி இணைப்பைத் துண்டித்து ஓடவிடலாமே? அப்படி ஓடிய பொறி எந்த ஆய்வுக்கூடத்திலும் நிறுவப்படவில்லை. பதவி சான்றாகாது.

தூத்துக்குடிக்காரருக்கு இதை விளக்க நூல் வேண்டாம். இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். குளிப்பவர் கயிறு கட்டிய கல்லில் கால்வைத்து ஆழத்துக்கு இறங்குவார். கல்லே இழுத்துச் செல்லும். அதை மட்டும் பார்த்தவன் கல்லுக்குள் வற்றாத ஆற்றல் இருக்கிறதென்பான். தோணியில் நின்று அதே கல்லை மேலே இழுத்தவரின் தோளுக்கல்லவா உண்மை தெரியும்! காந்தமும் இரும்பை இழுக்கையில் தந்ததை, இரும்பு விலகுகையில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒரு சுற்று முடிந்தால் மிச்சம் பூச்சியம். உராய்வு தின்றது நட்டம். விலகும்போது திரையிட்டு மறைக்கலாமே என்பவர்கள் உண்டு. திரையைச் செருகி உருவ ஆகும் உழைப்பையும் சேர்த்தால் கணக்கு மாறாது. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருக்கிறதே என்றால், கூரையைத் தூணும் தாங்குகிறது; அசைவில்லாத இடத்தில் ஆற்றல் செலவில்லை.

துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்திலும், 1986-இல் முள்ளக்காட்டில் நிறுவிய காற்றாலைகளிலும் காந்தப்புலம் உண்டு. சுழற்றுவது நீராவியும் காற்றும்.

பிழை நண்பர்களோடு முடிந்தால் நமக்கென்ன? ‘செலவில்லா மோட்டார்’ என்று முன்பணம் கேட்டு வருபவன், படித்தவர் எழுதிய கட்டுரையைத்தான் சான்றாக நீட்டுவான். உப்பளத்துக்கு நீர் இறைக்க டீசல் வாங்கியே நொடித்துப்போகும் சிறு உற்பத்தியாளர் அதை நம்பக்கூடும். மின்கம்பியும் மின்கலமும் இல்லாமல் ஒரு மாதம் உங்கள் பாத்தியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு பணம் கொடுங்கள் என்று அவருக்கு எழுத, கொண்டாடும் நண்பர்களில் எவரேனும் முன்வருவார்களா?